கூடுதலாய் ஒரு மண்வெட்டி

கறம்பக்குடி சாலையில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் காலை பஸ் நின்றது. அது நிற்கிற இடமில்லை. கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"ஒங்க கூட்டாளி, ஆவூர் சவரிமுத்து மேஸ்திரி போயிட்டாருங்க" என்றார்.

எப்போது என்று கேட்டேன்.

"அதுதாங்க யாருக்கும் தெரியல. முக்காலியில உக்காந்தபடியே போயிருக்காரு. மத்தியானக் கஞ்சிக்குப் பெறகு எப்பவோ போயிருக்கணும்கிறாக. இருட்டுற நேரமாகியும் 'போதும்'னு கொரல் வரலையேன்னுதான் போய்ப் பாத்திருக்காக. அதுவரைக்கும் அம்புட்டுப் பேரும் வெட்டிக்கிட்டே இருந்திருக்காக."

உயிரில்லாத மனிதர் அரைநாள் வேலை வாங்கியிருக்கிறார். அந்தத் துக்கத்திலும் எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அவரை அறிந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் சமஸ்தானம் சுதந்திர நாட்டோடு சேர்ந்த பிறகு, குளங்களையும் கண்மாய்களையும் பழுது பார்க்கும் வேலைகள் வரிசையாக வந்தன. அவரும் நானும் ஒரே காண்ட்ராக்டரிடம் மேஸ்திரிகள். வேலை வாங்குவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கரைமேல் குடை பிடித்து நின்று, குனிந்த முதுகு நிமிர்ந்தால் கத்துவது. சவரிமுத்து நேர்மாறு. ஆட்கள் குழியில் இறங்கியதும் முக்காலியைத் திருப்பிப் போட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். அளவுகோலின் நுனியில் மோவாயை ஊன்றிக்கொள்வார். மாலையில் "போதும், ஏறுங்க" என்பார். காலைக்கும் மாலைக்கும் நடுவே அவர் வாயிலிருந்து பெரும்பாலும் ஒன்றும் வராது.

"இப்படி உட்கார்ந்தா எவன் வேலை செய்வான்?" என்று கேலி செய்வேன்.

"அளந்து பாருங்களேன்" என்பார்.

அளந்தால் அவருடைய ஆட்கள் வெட்டிய மண்தான் எப்போதும் கூடுதல். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவர் குழுவில் மண் சுமந்த செல்லாயியிடம் ஒருநாள் காரணம் கேட்டேன். கூடையை இறக்கி வைக்காமலே பதில் சொன்னாள்: "நீங்க பாத்துக்கிட்டு நின்னா ஒங்களுக்காகச் செய்வோம். நீங்க அங்கிட்டுத் திரும்புனா நாங்களும் நின்னுக்குவோம். அவரு பாக்குறதே இல்ல. ஆனா அவரு முதுகப் பாத்தா, வேற யாரோ பாக்குறாப்புல இருக்கு. நிறுத்தப் பயமாயிருக்குங்க."

"பயந்தா செய்கிறாய்?"

"பயம் மட்டும் இல்ல. நாங்க நிறுத்திட்டா அந்த ஆளு தனியாச் செய்யணுமேன்னும் இருக்கு."

எந்த ஆள் என்று கேட்டேன். அவள் அதற்குள் நடந்துவிட்டாள். பொம்பளைப் பேச்சு என்று நானும் விட்டுவிட்டேன்.

அது எந்த ஆள் என்று தெரிந்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு குளத்தில். பழைய மடையைப் பெயர்த்துப் புதுமடை வைக்க, கரையை ஆழமாகப் பிளந்திருந்தோம். மழைக்கு முன் மூடாவிட்டால் அந்த வருஷம் குளத்தில் நீர் நிற்காது, ஊரே பட்டினி. மேற்கே மேகம் திரண்டிருந்தது. பிளவுக்குள் சவரிமுத்துவின் ஆட்கள். நான் மேலே நின்று என் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தேன். "நீங்களும் இந்த ஒருநாளாவது திரும்பி ஒரு சத்தம் போடுங்களேன்" என்று அவரைக் கெஞ்சினேன். தலையை அசைத்து மறுத்தார்.

சற்று நேரத்தில் அவராகவே எழுந்து திரும்பினார்.

ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை நேரத்தில் அவர் முகத்தை அதுவரை குழியிலிருந்த எவரும் பார்த்ததில்லை. கீழே ஒவ்வொரு மண்வெட்டியாக நின்றது. போட்டது போட்டபடி எல்லோரும் மேலே ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் செல்லாயி. அவள் பாதம் கரையில் பட்ட பிறகுதான் பக்கத்து மண் அப்படியே சரிந்து பிளவை மூடியது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டை அவிழ்ந்து தானியம் கொட்டுவது போல ஒரு சரசரப்பு, அவ்வளவுதான்.

அன்று மழை தள்ளிப்போனது. மறுநாள் மண்ணை வாரி மடையை வைத்துவிட்டோம். எனக்கு மனம் ஆறவில்லை. எப்படித் தெரிந்தது என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மம்பட்டிச் சத்தம் ஒண்ணு நின்னுபோச்சு" என்றார்.

நாங்கள் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும் முன், ஒரு கோடையில், அரிமளம் பக்கத்தில் கிணறு வெட்டும்போது அடைக்கலம் என்றொருவன் அவரிடம் வேலை செய்திருக்கிறான். இரண்டு வெட்டு வெட்டி, ஒட்டிய மண் உதிர ஒருமுறை மண்வெட்டியைக் கல்லில் தட்டுவது அவன் வழக்கம். "நான் மேல நின்னு பாத்துக்கிட்டே 'வெரசா வெட்டு, வெரசா'ன்னேன். நான் பாக்குறேன்னுதான் அவன் நிமிரவே இல்ல. நிமிந்திருந்தா பக்கத்துல மண்ணு பேந்தது கண்ணுல பட்டிருக்கும், மண்ணுக்கடியில போயிருக்க மாட்டான். அன்னையிலேருந்து வேலை செய்யிற யாரையும் நான் பாக்குறதில்லைங்க. ஆனா திரும்பி உக்காந்தா அவன் வெட்டுறது கேக்குது. எல்லா வேலையிலயும் ஒரு மம்பட்டி கூடுதலாக் கேக்குது. நேத்து அது நின்னுச்சு. அதான் திரும்புனேன்."

"அவனைப் போகச் சொல்லக் கூடாதா?"

"தெனம் பொழுது சாய, போதும்னு அவனுக்கும் சேத்துத்தாங்க சொல்றேன். மத்தவங்க ஏறுறாங்க. அவன் ஏற மாட்டேங்குறான். வெரசான்னு சொன்ன வாயாச்சே, நம்புவானா?"

நான் அதைப் பாதி நம்பினேன். மீதியை அவருடைய மனவேதனை என்று வைத்துக்கொண்டேன்.

ஆவூர் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் குழி வெட்டியவர்கள் அவருடைய ஆட்கள் இருவர். வெட்டுவதைப் பார்க்க மனம் வராமல் நான் முதுகைத் திருப்பி நின்றேன். கோயில் மணி நின்று நின்று அடித்தது. சிறிது நேரத்தில் இருவரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்கள்.

"ஆழம் சரியா இருக்கானு பாருங்கய்யா" என்றான் ஒருவன்.

பின்னால் குழிக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு வெட்டு, ஒரு தட்டு. இரண்டு வெட்டு, ஒரு தட்டு. கேட்டவன் தன் தோளிலிருந்த மண்வெட்டியை மெல்ல இறக்கி அதையே வெறித்துப் பார்த்தான்.

எனக்குப் பயம் வந்தது, ஒளிப்பதற்கில்லை. ஆனால் பயத்தைவிட இரக்கம்தான் அதிகம் வந்தது. இத்தனை வருஷம் அடைக்கலம் நிமிரவே இல்லை. இப்போது தன் மேஸ்திரிக்கே குழி வெட்டிக்கொண்டிருக்கிறான். நான் அவனை ஒருநாளும் விரட்டியவனில்லை. என் சொல்லையாவது கேட்கட்டும் என்று, திரும்பாமலே சொன்னேன்:

"போதும் அடைக்கலம். நல்லா வெட்டிட்டே. ஏறி வாப்பா."

சத்தம் நின்றது. எங்கள் மூவர் பக்கமாக ஈரமண் வாசனை ஒன்று கடந்துபோனது. பிறகுதான் பெட்டியைக் கொண்டுவந்தார்கள்.

சவரிமுத்துவின் முக்காலியை அவர் வீட்டார் எனக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது நானும் திரும்பித்தான் உட்காருகிறேன். கூடுதல் சத்தம் எதுவும் கேட்பதில்லை. ஆட்கள் முன்பைவிட நன்றாகவே வெட்டுகிறார்கள். ஏன் என்று செல்லாயியிடமும் நான் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். மாலையில் "போதும், ஏறுங்க" என்கிறேன். எல்லோரும் ஏறிப் போகிறார்கள். பிறகு எழுந்து, வெறும் முக்காலியைப் பார்த்து இன்னொருமுறை சொல்கிறேன். அன்று பொழுது சாய்ந்தும் முக்காலியில் உட்கார்ந்தே இருந்தவருக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

"போதும் சவரிமுத்து. நீங்களும் எழுந்திரிங்க."