பருந்து மூக்குக் கத்தியும் பதினோரு வருட மணி பிளாண்டும்

அரசு அலுவலக வாசலில் காவலர் "கத்தி, கத்திரி ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டபோது, கவாத்துக்காரர் இல்லை என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. பையில் கிடந்த மடக்குக் கத்தியை இருபத்திரண்டு வருடமாகத் தன் விரல்களில் ஒன்றாகவே அவர் நினைத்து வந்தார். வாசல் சோதனை இயந்திரத்துக்கு அந்த நியாயம் புரியவில்லை, கீச்சிட்டது. கத்தி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனது, அவர் அடையாள அட்டையைப் புதுப்பிக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது காவலரும் மாறியிருந்தார், பெட்டியையும் காணோம். புதிய காவலர் தேடோ தேடென்று தேடி, யாரோ மறந்துவிட்டுப் போன குடையை மிகுந்த மரியாதையோடு எடுத்து நீட்டினார்.

அது செவ்வாய்க்கிழமை.

கவாத்துக்காரருக்குத் தொழில், திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்வது. குளிர் முடிகிற சமயம், கொடியில் சாறு ஏறுவதற்குள், போன வருடத்துக் கிளைகளில் இரண்டு கணு விட்டு மீதியை வெட்டித் தள்ள வேண்டும். தாமதித்தால் வெட்டிய இடமெல்லாம் பழுதான குழாய் மாதிரி சொட்டும். தோட்டத்துச் சுவரோரம் நிற்கும் நாற்பது பழைய கொடிகள் அவர் பொறுப்பு. திங்கட்கிழமை காலை கையில் கருவி இல்லையென்றால் அந்த நாற்பதும் மைத்துனனுக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அங்கே ஒரு கொடி கைமாறினால் மாறியதுதான். போன வருடம் வெட்டியவனுக்குத்தான் இந்த வருடம் எங்கே வெட்டுவதென்று தெரியும் என்பது தோட்டத்துச் சட்டம்.

மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, இவரே கையைக் காலைப் பிடித்து வேலையில் சேர்த்துவிட்டவன். சிவப்புப் பிடி போட்ட வெட்டுக் கத்தரியை இடுப்பில் துப்பாக்கி மாதிரி மாட்டிக்கொண்டு திரிவான். "பேசாம ஒரு கத்தரி வாங்கிக்குங்க மாமா" என்று அவன் கரிசனத்தோடு சொன்னபோது, கத்தரி தண்டை நசுக்கும் என்று இவர் அரைமணி நேரம் விளக்கினார். மைத்துனன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே தன் கத்தரிக்கு எண்ணெய் போட்டான்.

தேடல் தொடங்கியது. கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை: அலகு பருந்தின் மூக்கு மாதிரி உள்பக்கம் வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது தண்டு நழுவாது, மடக்கினால் பையில் அடங்க வேண்டும். முதல் கடைக்காரர் நேர்க்கத்தியைக் காட்டி, வளைந்தது வேண்டுமானால் நீங்களே வளைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாவது கடையில் கரண்டி, முள், மூடி திறப்பான் எல்லாம் பிதுங்கி நிற்கிற ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம். மூன்றாவது கடைக்காரர், வளைந்த கத்தி எதற்கென்று இரண்டு முறை கேட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா என்று தயங்கித் தயங்கி விசாரித்தார்.

வீட்டிலோ மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. வெறும் பைக்குள் கை போவதும் வருவதுமாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலைத் திறந்து காற்றில் குளிர் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். "உக்காந்து சாப்பிடுங்க. நீங்க நடந்தா குளிர் போகாம நின்னுடப் போகுதா?" என்றார் மனைவி. தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் அவர் யார் பக்கம் என்பது அந்த வாரம் முழுக்க அரசாங்க ரகசியமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம், பூட்டுச் சாவி விற்கும் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. கடைக்கார அம்மாள் இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தார்: மரப்பிடி, பித்தளை ஆணி, திறந்தால் டக்கென்று நிற்கிற வில், அச்சு அசல் பருந்து மூக்கு. கவாத்துக்காரர் அதை மூன்று முறை திறந்து மூன்று முறை மடக்கினார். அம்மாள் வெட்டிப் பார்க்கக் காகிதம் கொடுத்தார். காகிதம் செத்துப்போன சாமான், அதை வெட்டி என்ன தெரியும் என்று அவர் தலையைத் தூக்கினார். தூக்கியிருக்கக் கூடாது.

மேலே மணி பிளாண்ட். கல்லாவின் பக்கத்துத் தொட்டியில் புறப்பட்டு, சாவி வரிசையைக் கடந்து, கடையை ஒரு சுற்றுச் சுற்றி வாசல் பலகைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நுனிதான் வெட்டினார். நன்றாக வெட்டியது. அப்புறம் ஐந்து நாளாகப் பட்டினி கிடந்த கை, எஜமானைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. அம்மாள் இன்னொருவருக்குப் பூட்டு காட்டிவிட்டுத் திரும்புவதற்குள், தொட்டியில் இரண்டு கணு விட்டு மீதி முழுக்கத் தரையில் கிடந்தது. மிக நேர்த்தியான கவாத்து. ஆனால் அது திராட்சை இல்லை.

"பதினோரு வருஷம்" என்றார் அம்மாள், மெதுவாக. பிறகு கத்தியை வாங்கி மடக்கி, இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பூட்டுக்கடை என்பதால் நல்ல பூட்டு.

"இரண்டு கணு இருக்குங்க, நல்லாத் தழைக்கும்."

"தழைக்கட்டும். அப்புறம் வாங்க, தர்றேன்."

எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் வெளியே போனவர், தெருமுனை வரை நடந்தவர், திரும்பி வந்தார். கடையில் காலி பாட்டில்கள் இருக்குமா என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து, அம்மாள் காய்கறி நறுக்கும் கத்தியால், கிடந்த கொடியைக் கணுக் கணுவாக நறுக்கித் தண்ணீரில் நிறுத்தினார். பாட்டில் தீர்ந்ததும் டம்ளர், டம்ளர் தீர்ந்ததும் பக்கத்துக் கடையில் இரவல். கடைசியில் ஐம்பத்தாறு செடிகள், வாசலிலிருந்து கல்லா வரை, ஊர்வலம் போல.

அம்மாள் அத்தனையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். "ஒண்ணு காஞ்சாலும் கத்தி திரும்பி வரணும். இப்பக் கிளம்புங்க, சீக்கிரம். போற வழியில பக்கத்துக் கடை வாசல்ல இருக்கிற அலங்காரச் செடியப் பாக்காதீங்க."

திங்கட்கிழமை வரை பொறுப்பதற்கு அவர் என்ன கல்லா? ஞாயிறு பொழுது புலர்ந்ததும் சுவரேறித் தோட்டத்துக்குள் குதித்தார். பொழுது சாய்வதற்குள் நாற்பதும் முடிந்தது.

திங்கள் காலை மேற்பார்வையாளர் கொடி கொடியாகக் குனிந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் அவருக்கு வருத்தம்தான். நாற்பதும் பழைய ஆளுக்கே என்று முணுமுணுத்துவிட்டு, மைத்துனனைக் கீழே கிடந்த குச்சிகளைப் பொறுக்கச் சொன்னார்.

"எனக்கு ஒரு கொடியாவது விட்டிருக்கலாம் மாமா" என்றான் அவன்.

கவாத்துக்காரர் காதில் அது விழவில்லை. வேலை எல்லாம் தீர்ந்துபோன மனிதர், பைக்குள் கத்தியைத் திறப்பதும் மடக்குவதுமாக, அலுவலக அறை வாசலில் கொழுகொழுவென்று நின்ற குரோட்டன்ஸ் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் போய்ச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டார்.