ஆப் கேட்ட முதல் கேள்வி

போன மாதம் ஒரு காலை நேரம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "உன் கண்கள் அழகாக இருக்கின்றன" என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் மொழியில்தான். ஆனால் அதன் அர்த்தம் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் திரையில் தெரிந்தது. தோசையோடு வந்த என் மனைவி அதைப் படித்துவிட்டாள்.

"யாருகிட்ட சொல்லுததுக்கு இதைப் படிக்கிய?" என்றாள்.

அறுபத்து மூன்று வயதில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் தோசை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதனால் உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

உண்மை இதுதான். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீடு தானியேல் சாருடையது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவர் மகள் ஜெசி, ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் ஆறு வருடமாக நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. டூட்டி முடிந்து எட்டு மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனாள். பரீட்சை எழுதிப் பாஸும் செய்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று... அங்கிருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் எடுக்கும் இன்டர்வியூ. வகுப்பு முடிந்துவிட்டதால் பேசிப் பழக ஆள் இல்லை.

"நல்ல ஆப்பா ஒண்ணு பாத்துச் சொல்லும்வே," என்று தானியேல் சாரே வந்து கேட்டார். "நீருதான் எல்லாத்தையும் பத்தி எழுதுதீரே."

பத்திரிகையில் எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறவனுக்கு எதுவுமே முழுசாகத் தெரியாது என்பது தொழில் ரகசியம். அதை அவரிடம் சொல்வேனா? அன்றைக்கே மூன்று ஆப்களை இறக்கிவிட்டேன்.

முதல் ஆப், எதற்காக ஜெர்மன் படிக்கிறாய் என்று கேட்டது. சுற்றுலா, வேலை, காதல், மூளைக்குப் பயிற்சி என்று நாலு கட்டம். 'பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக' என்று ஒரு கட்டம் இல்லை. இருந்து, அதை நான் அழுத்தியிருந்தால் கதை இன்னும் மோசமாகியிருக்கும். 'வேலை'யை அழுத்தப் போன விரல் வழுக்கிக் 'காதல்' மேல் விழுந்தது. அதன் விளைவைத்தான் மேலே படித்தீர்கள். அந்த ஆப்பை என் மனைவியின் முன்னிலையிலேயே அழித்தேன்.

இரண்டாவது ஆப் உச்சரிப்பில் கண்டிப்பானது. "ரொட்டி எங்கே இருக்கிறது?" என்பதை ஜெர்மனில் சொல்லச் சொன்னது. சொன்னேன். சிவப்பு. மறுபடி சொன்னேன். சிவப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, மோர் போதுமா, தயிரும் வேணுமா?"

பச்சை. கைதட்டல். 'அருமையான உச்சரிப்பு' என்று பாராட்டு வேறு.

ஒரு பாடம்கூடப் படிக்காமல் ஜெர்மனில் தேறியதை என் மனைவி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நான்தான் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மூன்றாவது ஆப்பில் ஓர் அணில் இருந்தது. ஒருநாள் பாடம் தவறினால் வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் படுத்துவிடும். அதைப் பார்த்தால் கல்நெஞ்சுக்காரனும் படித்துவிடுவான். அதைவிட முக்கியமான வசதி ஒன்றும் உண்டு. நாம் எதைப் பற்றிப் பேசினாலும் அந்த அணில் கேட்டுக்கொள்ளும், திரும்பக் கேள்வி கேட்கும், தப்பு இருந்தால் திருத்தும். இதுதான் ஜெசிக்குச் சரி என்று முடிவு செய்தேன்.

சேரும்போது அணில் கேட்ட முதல் கேள்வி: "உனக்கு எவ்வளவு ஜெர்மன் தெரியும்?" ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தெரியும், பேசிச் சமாளிப்பேன், சரளமாகப் பேசுவேன்... இப்படி நாலு பதில். நான் யோசிக்காமல் மூன்றாவதை அழுத்தினேன். பத்தி எழுதுகிறவனுக்குக் கூச்சம் ஏது? அணில் உடனே ஏதோ நீளமாகக் கேட்டது. 'நன்றி' என்றேன். இன்னொன்று கேட்டது. அதற்கும் 'நன்றி' என்றேன். எனக்குத் தெரிந்த மொத்த ஜெர்மனும் அதோடு தீர்ந்தது.

ஜெசியின் போனில் அணிலை ஏற்றிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். இரண்டு வாரம் கழித்து, டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை வாசலில் பார்த்து, எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

"நல்லா போகுது மாமா. ஆப்பிள், ரொட்டி, தண்ணி எல்லாம் முடிஞ்சிட்டு. நாளைக்குப் பூனை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எட்டு மாசம் படிச்சுப் பாஸ் பண்ணினவ ஆப்பிள்லயா இருக்க?"

"அது கேட்டுச்சே மாமா, எவ்வளவு தெரியும்னு. ஒண்ணும் தெரியாதுன்னு அமுக்கிட்டேன்."

"ஏன்?"

"தெரியும்னு நாமளே எப்படி மாமா சொல்லுதது?"

சிரித்துவிட்டேன். அணிலிடம் போயா அடக்கம் காட்டுவார்கள்? வீட்டுக்குள் போய் மனைவியிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இப்போதும் உண்டு.

நாலு நாளில் இன்டர்வியூ வந்தது. அந்தப் பக்கம் ஒரு தலைமை நர்ஸ் அம்மா. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். வென்டிலேட்டர் கையாளத் தெரியுமா? "கொஞ்சம் தெரியும்," என்றாள் ஜெசி. அவசரமான நேரத்தில் தனியாகச் சமாளிப்பீர்களா? "முயற்சி செய்வேன்." ஐ.சி.யூ. வேலையில் நீங்கள் எப்படி? "ஏதோ செய்துகொண்டிருக்கிறேன்." எல்லாம் சுத்தமான ஜெர்மனில்.

மறுநாள், இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்த ஏஜென்சியிலிருந்து பதில் வந்தது. மொழி நன்றாக இருக்கிறது, அனுபவம் போதாது.

ஆறு வருடம் ஐ.சி.யூ.வில் நின்றவளுக்கு அனுபவம் போதாதாம். ஏஜென்சிக்காரர் நல்ல மனிதர். பேப்பர்களைக் காட்டி மன்றாடி இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடி இன்டர்வியூ. அதையும் விட்டால் அடுத்த வருடம்தான். அதுவும் நிச்சயமில்லை.

அந்த ஜெர்மன் அம்மா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆறிய பிறகு யோசித்தால், அவர் என்ன செய்வார்? நம் பக்கத்துப் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே மகன் கலெக்டர் ஆனாலும், "ஏதோ எழுதினான், கிடைச்சிட்டு" என்போம். மூன்று மாடி கட்டிவிட்டு, "ஏதோ மழைக்கு ஒதுங்க ஒரு இடம்" என்போம். சேரன்மகாதேவியில் என் பெரியப்பா மகன் வயலில் நெல் எப்படி விளைந்தாலும் அவன் வாயில் "ஏதோ வெளைஞ்சிருக்கு" என்பதற்கு மேல் வந்ததே கிடையாது. கேட்கிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே... 'ஏதோ' என்று காதில் விழுந்ததும் மனசுக்குள் பத்தால் பெருக்கிக்கொள்வார்கள். ஜெர்மன்காரருக்கு அந்தப் பெருக்கல் தெரியாது. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜெசி இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். "உன் கூட வேலை பாக்குத மும்தாஜுக்கு என் போன்ல இருந்து போடு. ஸ்பீக்கர்ல போடு," என்றாள். மும்தாஜ் மேலப்பாளையத்துப் பெண். ஜெசியோடு ஒரே வார்டில் இருப்பவள்.

"ஏம்மா, ஜெசி பக்கத்து வீட்டு அத்தை பேசுதேன். இந்த ஜெசி எப்படி வேலை பாப்பா? அவ இங்கன இல்ல, தைரியமாச் சொல்லு," என்று என் மனைவி கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"ஜெசியா?" என்றது போன். "வயசானவங்களுக்கு ஊசி போட நரம்பு கிடைக்கலன்னா எங்க டாக்டரே அவளைத்தான் கூப்பிடுவாரு ஆன்ட்டி. போன ரம்ஜான்ல நான் நோன்பு திறக்கப் போயிருந்தேன். என் பேஷன்டையும் சேர்த்து அஞ்சு பேரை ஒத்தையில பாத்தா. அதுல ஒருத்தருக்கு மூச்சு மாறுததை மிஷின் கத்துததுக்கு முந்தியே அவ கண்டுபிடிச்சிட்டா. அந்த மனுசன் இன்னைக்குக் கடையில உக்காந்து யாவாரம் பாக்காரு. இதையெல்லாம் அவ உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாளே?"

சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எங்களுக்குத் தெரியாது. ஜெசி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, "போதும் அத்தை, போனை வைங்க," என்று சைகை காட்டினாள். அவள் கண் நனைந்திருந்தது.

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்: "இதுல பொய் ஏதும் உண்டா?"

"இல்ல அத்தை."

"பொறவு சொல்லுததுக்கு என்ன?"

"நானே என்னை எப்படிச் சொல்ல?"

"நீ எங்க சொல்லுத? மும்தாஜ் சொன்னதைத்தான சொல்லுத. 'அவ'ங்கற இடத்துல 'நான்'னு போட்டுக்கோ. அம்புட்டுத்தான்."

பாருங்கள், மூன்று ஆப்களை அலசி ஆராய்ந்த எனக்கு இது தோன்றவில்லை. அடுத்தவரைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் ஆட்கள் வாய் வலிக்கப் புகழ்வார்கள். தன்னைப் பற்றி என்றால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த முடிச்சு என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் ஏற்கெனவே பச்சை விழுந்திருக்கிறதே.

மும்தாஜ் சொன்னதையெல்லாம் ஜெசி ஜெர்மனில் எழுதினாள். அணிலிடம் சொல்லிப் பழக ஆரம்பித்தாள். முதல் நாள், போலீஸ் ஸ்டேஷனில் குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல். மென்று முழுங்கி முடித்தாள். அணில் கைதட்டியது. இரண்டாம் நாள் குரல் கொஞ்சம் ஏறியது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆப்பின் பெரிய வசதி, அது சொந்தக்காரர் இல்லை என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காராது. 'பிள்ளைக்கு எவ்வளவு பெருமை பாரு' என்று நாலு வீட்டில் போய்ச் சொல்லாது. அணிலிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளலாம், ஊர் சிரிக்காது.

ஐந்தாம் நாள் அவள் குரல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் கேட்டது. அவள் பேசியதில் எனக்குப் புரிந்தது 'நான்' என்ற சொல் மட்டும்தான். அதைச் சத்தமாகவே சொன்னாள்.

இன்டர்வியூ அன்றைக்குத் தானியேல் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு படுது, அது இதுன்னு நாங்க நம்புததில்லவே," என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆனாலும் முடிவு தெரியுத வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விட்டுராதீரும்," என்றார்.

அதே தலைமை நர்ஸ் அம்மாதான் வந்தாராம். ஜெசி நரம்பைச் சொன்னாள், வென்டிலேட்டரைச் சொன்னாள், ரம்ஜான் மாதத்து ஐந்து பேரைச் சொன்னாள். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தாராம். கடைசியாகக் கேட்டாராம்: "உங்களிடம் இருக்கும் குறைகள் என்னென்ன?"

இந்தக் கேள்விக்கு அணிலிடம் பழகவே இல்லை. தேவையும் இருக்கவில்லை. ஜெசி மூச்சு விடாமல் நாலு நிமிடம் பேசினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, போதும் என்று கையைக் காட்டும்வரை நிறுத்தவில்லை.

போன வாரம் தானியேல் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கேக் டப்பா. உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் குடித்தார். அப்புறம் பைய விஷயத்துக்கு வந்தார்.

"ஜெசிக்கு ஏதோ கிடைச்சிருக்குவே," என்றார்.

நான் பத்தால் பெருக்கிக்கொண்டேன். என் மனைவி பக்கத்து வீட்டுக்கு ஓடி, ஜெசியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாரும் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதையெல்லாம் ஜெசியிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "ரொம்பப் புகழ்ந்து எழுதிராதிய மாமா" என்று ஒரே ஒரு நிபந்தனை. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மன்னித்துக்கொள் அம்மா, நான் மும்தாஜ் சொன்னதைத்தான் சொன்னேன்.

அணில் என் போனில் இன்னும் இருக்கிறது. எனக்கு இப்போது எவ்வளவு ஜெர்மன் தெரியும் என்று கேட்கிறீர்களா?

ஏதோ கொஞ்சம். தயவுசெய்து பெருக்கிவிடாதீர்கள்.