அண்ணி பெட்டியில் வைத்த அரளிப்புழு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படிப்பு பத்தாவதோடு நின்றது. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். இதைச் சொல்ல வேண்டியவர் அண்ணி. அவர் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆம்பூரில் எங்களோடு இருந்தார். ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. வயிற்றில் கட்டி என்று தெரிந்து வேலையை விட்டபின், வாசல் அரளிச் செடியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கேதான் அந்தப் புழுவைக் கண்டார். விரல் நீளம், இலைப் பச்சை, வாலில் மஞ்சள் கொம்பு. தொட்டால் தலையை இழுத்துக்கொண்டு கழுத்தருகே இரண்டு நீலக் கண்களைக் காட்டும். பார்ப்பவரைப் பயமுறுத்தும் பொய்க் கண்கள். ஆடு வாய் வைக்காத அரளி இலையை அது ஓயாமல் தின்றது.

என் கணவர் போனில் தேடிப் படித்தார். "இத்தாலி, கிரீஸ், அந்தக் கடல் பக்கமெல்லாம் இருக்குதாம்க்கா. உன் ஷூ போற ஊருங்க."

"அப்ப நல்லா செக் பண்ணி அனுப்பணும்டா. இல்லன்னா ரிட்டர்ன் பண்ணிடுவான்."

படத்திலிருந்த அந்துப்பூச்சி பச்சை வெல்வெட்டில் ரோஜா நிறம் தீட்டியதுபோல் இருந்தது. அண்ணிக்கு அதை நேரில் பார்த்துவிட வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரியிலோ உடனே ஆபரேஷனுக்குச் சேரச் சொல்லியிருந்தார்கள். "இது வெளிய வரட்டும், வர்றேன். அதுவரைக்கும் பேஜார் பண்ணாதீங்க" என்றுவிட்டார். என் கணவர் கெஞ்சினார், கத்தினார். பயம்தான் அண்ணியை அப்படிப் பேசவைத்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் புழு பழுப்பாகி, செடியடிக்கு இறங்கி, சருகுகளை இழையால் கோத்துக் கூட்டுப்புழுவானது. எறும்பு தின்றுவிடும் என்று அண்ணி அதை ஷூ பெட்டியில் மெல்லிய தாள் சுற்றி வைத்தார். யாரும் திறக்கக்கூடாது. காலையும் மாலையும் மூடியில் காது வைத்து, இறக்கை படபடக்கிறதா என்று கேட்பார். இரண்டு வாரத்தில் வரும் என்று போனில் போட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அண்ணியின் வளையல்கள் முழங்கை வரை ஏறின.

கடைசியில் என் கணவரே திறந்தார். கூட்டுப்புழு காய்ந்த சருகாக, எடையே இல்லாமல் இருந்தது. தாளுக்கடியில் ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலங்கள், ஒரு கைப்பிடி. கப்பலில் போகும் ஷூவில் பூசணம் பிடிக்காமலிருக்கப் போடுவது.

"யாருக்கா இதைப் போட்டது?"

அண்ணி தன் கையைப் பார்த்தார். "நான்தான்டா. பெட்டின்னு பார்த்தா கை தானா போடுது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வெகுநேரம் அழுதுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துவைக்கணும் என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் வேலூர் போனோம். கட்டி பரவிவிட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார் டாக்டர். மத்தியானமே திரும்பி வந்துவிட்டோம்.