எலிகளுக்கு வைத்த பொங்கல்

மூன்று வருடத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கல் அன்று நடந்தது இது. காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எலிக்குப் பண்டிகை லீவு ஏது? சாக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

அப்போது பன்னிரண்டு வெள்ளை எலிகளுக்கு, கொசுவால் வரும் சிக்குன்குனியாவைத் தடுக்க ஒரு புது ஊசி போட்டிருந்தார்கள். அந்தக் காய்ச்சல் வந்து, சோறு பிசையக்கூட விரல் மடங்காமல் கிடந்தவள் நான். அதனால் அந்த எலிகள் மேல் தனிப் பாசம்.

ஊரே மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிற நாளில் இதுகள் மட்டும் காய்ந்த தீனியைக் கடிப்பதா என்று மனசு கேட்கவில்லை. தூக்குவாளியிலிருந்த சர்க்கரைப் பொங்கலைக் கூண்டுக்குக் கூண்டு கிள்ளி வைத்தேன். வெளித்தீனி கூடாது என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பொங்கல் அதில் சேராது என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பாதி எலிகளுக்கு வயிற்றுப்போக்கு. எடையும் குறைந்திருந்தது. ஆராய்ச்சி செய்த பெண், என்னைவிட இருபது வயது சின்னவர், தராசையே பார்த்தபடி நின்றார்.

"மருந்து ஒத்துக்கலக்கா. இத்தோட நிப்பாட்ட வேண்டியதுதான்."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மருந்து போகும். கழுவிய கூண்டையே மறுபடி கழுவினேன்.

"மேடம், மருந்துனால இல்ல. நேத்து நாந்தான் அதுகளுக்குப் பொங்கலு குடுத்தேன்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இப்பவாச்சும் சொன்னீகளே அக்கா. ஆனா இதுகளக் கணக்குல சேக்க முடியாது. புதுசா பன்னெண்டு எடுக்கணும்."

சோதனை முடிவில் உடம்புக்குள் பார்ப்பதற்காக அவற்றின் உயிரை எடுத்துவிடுவார்கள். என் பாசத்தால் இன்னும் பன்னிரண்டு உயிர். அங்கேயே அழுதுவிட்டேன்.

மேலதிகாரியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால், "பண்டிகைன்னு நான் வராம அவுகளத் தனியா விட்டது என் தப்பு சார்" என்று பாதிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். என் வேலை தப்பியது. அடுத்த பன்னிரண்டில் ஒன்றுக்கும் வயிறு கெடவில்லை. மருந்து அடுத்த கட்டத்துக்குப் போனது.

இப்போதும் மாட்டுப் பொங்கலன்று வேலைக்குப் போகிறேன், தூக்குவாளியை வீட்டில் வைத்துவிட்டு. மழை நாளில் விரல் மூட்டு வலிக்கும்போதெல்லாம் என்னை விட்டுக்கொடுக்காத அந்தப் பெண்ணுக்கும், என் பிழைக்கும் சேர்த்து உயிர் கொடுத்த அந்த எலிகளுக்கும் மனசார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.