கோச்சி நின்றால் இறங்குகிறவர்கள்

சுவிஸுக்கு வந்த இரண்டாம் கோடையில் நாங்கள் மூன்று பேர் சூரிச் விமான நிலையத்துக்கு ரயிலில் போனோம். ரயில் என்று எழுதுகிறேனே தவிர, எங்கள் வாயில் அது கோச்சிதான். கிளிநொச்சியில் நான் சின்னப் பெடியனாக இருந்தபோதே சண்டையால் கோச்சி நின்றுவிட்டது. தண்டவாளத்தைக் கழற்றி, குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்கு மேலே போட்டோம். எனக்குத் தெரிந்த தண்டவாளம் தலைக்கு மேல்தான் கிடந்தது. அதன்மேல் சில்லு உருளும் என்பதை இங்கே வந்துதான் கண்டேன்.

அன்று எங்கள் அறையில் இருந்த அண்ணைக்குப் பொம்பிளை வருகிற நாள். அண்ணை ஜெயபுரத்துக்காரர். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே காடு வெட்டி வயல் செய்த குடும்பம். பொம்பிளைக்கு ஊர் உடையார்கட்டு. அவர் ஊரைவிட்டு வெளிக்கிட முதலே பேசி முடித்த கலியாணம். அவா வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, வவுனியாவில் ஆமிச் செக்கிங் தாண்டி, கொழும்பில் மாதக்கணக்கில் காத்திருந்து இப்போதுதான் வருகிறா. டெலிபோனில் அவா கேட்டது ஒன்றே ஒன்று. கதவு திறக்கும்போது அண்ணை முன்னால் நிற்கவேண்டும். நிற்பேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு, அதை எங்கள் காது புளிக்கப் புளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆள் முல்லைத்தீவுக்காரன், என் வயது. இடியப்பமும் சம்பலும் கட்டி எடுத்து வந்திருந்தான். பொம்பிளைக்கு என்றுதான் கட்டினான். இரண்டு ஸ்டேஷன் தாண்டமுதல் பாதியை நாங்களே முடித்துவிட்டோம்.

இரவு முழுக்க ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய உடம்பு. வயிறும் நிறைய, கண் தானாகச் செருகியது. கண்ணாடிக்கு வெளியே வெட்டிய புல்லும், மாடுகளும், சிவப்பு ஓட்டு வீடுகளும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. தூரத்து மலையில் கிடந்த பனி ஆனையிறவு உப்பளத்து உப்புப் போலத் தெரிந்தது. அரைத்தூக்கத்தில் அது உப்பாகவே ஆகிவிட்டது. அடுத்தது பரந்தன், அதற்கடுத்தது எங்கள் ஊர் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. அந்தக் கோச்சி நிற்காமலே போயிருக்கலாம்.

ஆனால் நின்றது. வயல் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன். ஒலிபெருக்கியில் விளங்காத பாஷையில் ஏதோ சொன்னார்கள். மேடையில் சீருடை போட்ட இரண்டு பேர், ஒரு நாய். அண்ணை எழும்பிப் பையைத் தூக்கினார். "செக்கிங். இறங்குங்கோ" என்றார். நான் முழிக்கும் முன்பே என் கால் எழும்பிவிட்டது. வவுனியாவில் ஆமி மறித்து பஸ் நின்றால் எல்லோரும் பையோடு இறங்கி, வரிசையில் காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். அது எங்கள் எலும்பில் ஊறிய பழக்கம்.

மூவரும் பையைத் திறந்து வைத்து, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, மேடையில் வரிசையாக நின்றோம். சீருடைக்காரர் எங்களைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு நாயோடு போய்விட்டார்கள். கதவு மூடியது. கோச்சி போய்விட்டது.

"அண்ணை, இது வவுனியா இல்லை" என்றான் முல்லைத்தீவுக்காரன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யாரோடு கோபிப்பது? முதலில் இறங்கியது அண்ணை என்றால், இரண்டாவது நான். அடுத்த கோச்சிக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அண்ணை மேடையில் கிடந்த மர வாங்கில் குந்தி, அவா தனியே வெளியே வந்து என்ன செய்வா, யாரைக் கேட்பா என்று புலம்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் புல் வாசம். இப்படி ஒரு வடிவான இடத்தில் இருந்துகொண்டு நான் ஒருநாளும் அவ்வளவு பயந்ததில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது அந்த விமானத்துச் சனம் எல்லாம் போய்விட்டது. அண்ணை மண்டபம் முழுக்க ஓடித் தேடினார். அவாவைக் காணவில்லை. அவருக்குக் கண் கலங்கத் தொடங்கியபோது, கூட்டித் துடைக்கிறவர் ஒருவருக்காக, பயணிகள் வெளியே வருகிற தானியங்கிக் கதவு திறந்தது. உள்ளே, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், பச்சைச் சேலையோடு அவா தனியே நின்றா. காலடியில் பை, கையில் கடதாசிகள்.

அண்ணை கூப்பிட்டார். அவா கண்டா, சிரித்தா, ஆனால் அசையவில்லை. கதவு மூடித் திரும்பத் திறந்தது. அண்ணை இரண்டு கையாலும் வா வா என்று காட்டியபிறகு, யாராவது அதட்டுவார்களோ என்று பார்த்துப் பார்த்துக் கோட்டைத் தாண்டி வந்தா.

"ஏன் அங்கையே நிண்டனீர்?"

"ஒருத்தரும் போகச் சொல்லேல்லை."

கோட்டில் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்து நின்ற அவாவுக்கு நாங்கள் பிந்தியதே தெரியாது. கதவு திறந்தபோது அண்ணை முன்னால்தான் நின்றார். அவர் அழுதுவிட்டார்.

திரும்பி வரும்போது கோச்சி அதே ஸ்டேஷனில் நின்றது. அவாவின் கை பையைப் பிடித்தது. உண்மையைச் சொன்னால், என் காலும் சப்பாத்தைத் தேடியது. அண்ணை அவாவின் கைமேல் தன் கையை வைத்தார்.

"இரும். இஞ்ச இறங்கத் தேவையில்லை."

"ஆர் சொன்னவை?"

"நான் சொல்லுறன்."

கோச்சி வெளிக்கிடும்வரை அவா பையை விடவில்லை.