தாய்மாமன் யாரு என்று கேட்டார்கள்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். நான் வளர்ந்த வீடு அங்கே இருந்தது. பிறந்தது அதே ஊரின் ஏரிக்கரையில், இருளர் குடிசைகளில் ஒன்றில். என்னைப் பெற்றவள் அந்த வீட்டு நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்துகொண்டிருந்தவள். நான் தவழ்கிற வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அப்பனைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. களத்துமேட்டில் அழுதுகொண்டு கிடந்த என்னை நிலக்காரர் வீட்டு அம்மா தூக்கி வந்து பால் புகட்டினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளைத்தான் நான் அம்மா என்று கூப்பிட்டேன். அவள் புருஷனை நைனா என்றேன்.

வீட்டில் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. அம்மாவோடு ஒரே பாயில் படுத்தேன், அவர்கள் தட்டிலேயே சாப்பிட்டேன். ஆனால் அம்மா தினமும் காலையில் என் சுருட்டை முடியில் எண்ணெயை வழிய வழிய வைத்து, கண் இழுபடுகிற அளவுக்கு இறுக்கிப் பின்னிவிடுவாள். வெயிலில் நின்றால் சத்தம் போடுவாள். "கருத்துப் பூடுவே, உள்ள வா." அந்த முடியும் நிறமும் எங்கிருந்து வந்தவை என்பதை அவள் மறைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். புரியவைத்தவள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். என் சோற்றுத் தூக்கை எட்டிப் பார்த்து, "இன்னாடி, எலிக்கறியா?" என்றாள். உள்ளே இருந்தது புளிச்சோறு. அன்றைக்கு அதை என்னால் சாப்பிட முடியவில்லை.

அறுப்பு முடிந்த வயலில் எலி வளை வெட்ட ஏரிக்கரையிலிருந்து ஆட்கள் வருவார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் எலியும் அவர்களுக்கு. எங்கள் வயலுக்கு எப்போதும் ஒரே ஆள்தான் வருவார். ஒல்லியாக, காலில் சேறு காய்ந்து, தோளில் கடப்பாரையோடு. வேலை முடிந்ததும் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார். அம்மா கூழ் ஊற்றுவாள். அவர் குடித்துக்கொண்டே கதவு இடுக்கைப் பார்ப்பார். நான் அந்த இடுக்கில்தான் நிற்பேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் என்னைப் பெற்றவளின் கூடப் பிறந்தவர் என்பதையும் பள்ளிக்கூடத்துப் பெண்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதத்தில் நான் பெரியவளானேன்.

எங்கள் பக்கத்தில் அதற்குத் தாய்மாமன் வேண்டும். பெண்ணைத் தனியே உட்காரவைக்கப் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டுவது அவர். சடங்கன்று சீர்த்தட்டோடு வந்து மாலை போடுவதும் அவர். நைனா அன்றைக்கே பஸ் ஏறி ராஜகுளத்துக்குப் போனார். அம்மாவின் அண்ணன் அங்கே இருந்தார். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ரிப்பன் வாங்கி வருகிறவர். என்னை மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பாய் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். சாயங்காலம் நைனா தனியாகத் திரும்பினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"ரிப்பன் வாங்கித் தர்றது வேற, மாலை போடறது வேறயாம். நாளைக்கி அவரு பொண்ணுங்களுக்கு மாப்ள கெடைக்காதாம்."

கொட்டகைச் சுவர் ஆளுயரம்தான். எனக்கு எல்லாம் கேட்டது. வயிற்று வலியோடு சுருண்டு படுத்துக்கொண்டேன். என்னால் இவர்கள் இப்படி நிற்கிறார்களே என்பதுதான் வலியைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. மறுநாள் காலையில் தலையை முடிந்துகொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.

அங்கே பேசியதை அவள் பின்னால் எனக்குச் சொன்னாள். எங்கள் வயலில் எலி வெட்ட வருகிறவர் தன் குடிசைக்கு வெளியே வேலி முள் கட்டிக்கொண்டிருந்தாராம். அம்மாவைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கிறார்.

"உன் தங்கச்சி பொண்ணு வயசுக்கு வந்துட்டா. நீதான் தாய்மாமன். வந்து குச்சு கட்டு."

"வேணாம்மா. உங்களுக்குத்தான் பேஜாரு. ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."

"ஊரா அவளத் தூக்கி வளத்துது? நீ வாப்பா."

அன்று மதியம் கொல்லையில் கத்தி ஓசை கேட்டது. கீற்று பின்னுகிற சரசரப்பு. மாட்டுக்கொட்டகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். தெருவில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் கட்டி முடித்த குச்சு, அந்தத் தெருவில் நான் பார்த்திருந்த எந்தக் குச்சைவிடவும் நேர்த்தியாக இருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, எப்போது இதைப் பிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

சடங்கன்று பந்தல் போட்டு, குழாய் கட்டிப் பாட்டு வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அம்மாவின் பட்டுப் புடவையைச் சுற்றி என்னை மணையில் உட்காரவைத்தார்கள். நலங்கு வைக்க வந்த ஒரு கிழவி, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "தாய்மாமன் யாரு? வரச் சொல்லுங்க."

ராஜகுளத்துக்காரர் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். நைனா தரையைப் பார்த்தார்.

பந்தலுக்கு வெளியே, வைக்கோல் போர் பக்கமாக, அவர் தன் மனைவியோடு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி. மடிப்புக் கலையாத புதுத் துண்டு. மனைவியின் கையில் மூங்கில் தட்டு. அதில் வாழைப்பழம், தேங்காய், ஒரு புட்டித் தேன், பச்சை நிறத்தில் நூல் புடவை. உள்ளே வராமல் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"நாந்தாங்க."

அம்மா போய் அந்தத் தட்டைத் தன் கையால் வாங்கினாள். "உள்ள வா" என்றாள். அவர் செருப்பில்லாத காலை வெளியே ஒரு முறை தட்டிவிட்டு உள்ளே வந்தார். மாலையை என் கழுத்தில் போட்டார். அவர் கையில் புகை வாசம் அடித்தது. நான் நிமிரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அது வெட்கமில்லை, அவமானம். அவர் முகத்தைப் பார்த்தால் என் முகமும் அதே முகம் என்று எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

கிழவி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கு முட்டி வலிக்குது" என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. மாடு கட்டணும், குழந்தை தூங்குது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள். அம்மாவே எனக்கு நலங்கு வைத்தாள். பிறகு அவர் மனைவியைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள்.

அண்டா நிறையச் சோறு இருந்தது. நைனா பந்தலில் இலை போடச் சொன்னார். ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பி எல்லாரையும் கூட்டிவரச் செய்தார். அவர்கள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள். நைனா, எனக்கு மாலை போட்டவரின் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "துன்னுப்பா, ஆறிப் பூடுது" என்றார். அவரும் சாப்பிட ஆரம்பித்தார், இலையைப் பார்த்தபடியே.

நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை. எழுந்து போனவர்கள் முன்னால் குன்றிப்போயிருந்தேன். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முன்னால் அதைவிட அதிகமாக.

அதற்குப் பிறகு ஊரில் எங்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது நின்றுபோனது. நைனா கோயில் கூட்டத்துக்குப் போவதை விட்டார். ராஜகுளத்து மாமா சில வருஷம் கழித்து, அம்மா ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தாளே, அப்போது வந்தார். வாசலில் நின்று அழுதார். அம்மா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

நான் பள்ளிப் படிப்பை முடித்து நர்ஸ் வேலைக்குப் படித்தேன். விடுமுறையில் ஒருநாள் அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து, துண்டால் ஒரு கல்லைத் துடைத்துக் காட்டினார்.

"குந்து பாப்பா. அம்மா எப்டி கீறாங்க?"

"நல்லா கீறாங்க, மாமா" என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன். மாமா என்ற சொல் வரவில்லை. "நல்லா கீறாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். மீன் இருக்கிறது, அம்மாவுக்கு எடுத்துப் போ என்றார். பனையோலையில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஊருக்குள் போகும் பாதையை விட்டுவிட்டு வயல் வரப்பு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன்.