தாணு வைத்த வெந்நீர்

செய்தியைக் கொண்டுவந்தவர் பால்காரர் நாணு. "வக்கீல் சாரே, நம்முடெ தாணு சார் போயி" என்று பாலை ஊற்றிக்கொண்டே சொன்னார். யார் சொன்னது, எப்போது, நீர் கண்ணால் பார்த்தீரா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கிரிமினல் கோர்ட்டிலேயே தலை நரைத்தவன் வேறு எப்படிக் கேட்பான்? சட்டையை மாட்டிக்கொண்டு வலியசாலைத் தெருவின் மறுகோடிக்கு நடந்தேன். வாசலில் செருப்புகள் கிடந்தன. அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை.

நண்பர்களே, கரமனை ஆற்றங்கரையில் சிதை பற்றிக்கொண்டிருந்தபோது உங்களில் இருவர் எனக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசிக்கொண்டீர்கள். "பெஞ்சாதியைத் தன் கையாலேயே கரையேத்துன மனுசன்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று அடக்கினார். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் மனைவியைச் சாகடித்தார் என்று சிதம்பரதாணுவின் மேல் விழுந்த அந்தச் சந்தேகத்தில் உங்கள் எல்லோரையும்விட எனக்கே பங்கு அதிகம். ஆகையால் அவருக்கு இந்த அஞ்சலிக் குறிப்பை எழுதும்போது அதை விட்டுவிட்டு, நல்லவர், வல்லவர், மராமத்து இலாகாவில் தலைமை டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் இருவரும் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர்கள். அவர் இலாகாவுக்கு, நான் கோர்ட்டுக்கு. சாயங்காலம் கரமனைப் பாலம் வரை நடந்து திரும்புவோம். வழியெல்லாம் அவருக்கு என்னைக் கேலி செய்ய வேண்டும். ஒருமுறை கோயில் வாசலில் ஒரு சாமியார் விபூதி கொடுத்தார். எந்த மடம், எந்த ஊர் என்று நான் கேட்கத் தொடங்கியதும் அவர் நகர்ந்துவிட்டார். தாணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உமக்குச் சாமியே நேர்ல வந்தாலும், ஆளு அடையாளம் சொல்ல ரெண்டு சாட்சி கேப்பீரு வே" என்றார். அதற்குப் பிறகு எனக்கு விபூதி நீட்டுகிறவர்களை எல்லாம் அவர் முந்திக்கொண்டு எச்சரிப்பார்.

வித்துராவுக்கு மேலே பொன்முடிச் சாலை வேலை நடந்தபோது நடந்த ஒன்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஜல்லி வண்டி சரிந்து ஒரு மாடு பள்ளத்தில் விழுந்தது. முன்னங்கால் இரண்டும் போய்விட்டன. வண்டிக்காரர் தலையில் கைவைத்து அழுதார். சுற்றி நின்றவர்கள் இன்ன பச்சிலை, இன்ன கட்டு என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாணுதான் பாரஸ்டு காவலரைக் கூப்பிட்டுத் துப்பாக்கியை எடுக்கச் சொன்னவர். "வலியில கிடக்கற உயிரைச் சுத்தி நின்னு பேசிக்கிட்டு இருக்கதுதான் பாவம்" என்றாராம். ஊர் திரும்பியதும் இதை என்னிடம் அவரே சொன்னார், அலட்டிக்கொள்ளாமல், அன்று என்ன சாப்பிட்டார் என்று சொல்வதுபோல. சுட்டபோது பக்கத்தில் இருந்தீரா என்று கேட்டேன். அவர் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார். பின்னாளில் நான் மனத்துக்குள் கேஸ் கட்டியபோது இந்த மாட்டைத்தான் முதல் சாட்சியாக நிறுத்தினேன்.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கு வயிற்றில் புற்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பிவிட்டார்கள். அபின் கலந்த மருந்து கொடுத்தார்கள். முதலில் அது ஒரு பகல் முழுதும் தாங்கியது. போகப் போக ஒரு பூஜை முடிகிற நேரம்கூடத் தாங்கவில்லை. நான் வாசலோடு நின்று விசாரித்துவிட்டு வருவேன். என் மனைவி செல்லம்மை தினமும் மத்தியானம் உள்ளே போய் அவளுக்குத் தலை வாரி, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஒரு மார்கழிக் காலையில் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சாலைக் கடைத்தெருப் பக்கமிருந்து தாணு வந்தார். ஒரு கையில் தூக்குச் செம்பு நிறைய நல்லெண்ணெய். இன்னொரு கையில் இளநீர்க் குலை. கடைக்குப் போய்வர வீட்டில் ஒரு வேலைக்காரி உண்டு. அவளை முந்தின நாள்தான் ஊருக்கு அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. தெற்கே நம் பக்கத்து ஊர்களில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுந்திருக்காமல், உயிர் போகவும் செய்யாமல் பாயோடு கிடக்கிறவர்களுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, இளநீர் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அதிக நாள் இருப்பதில்லை. அதற்கு யாரும் பெயர் வைத்துப் பேசுவதில்லை. தலைக்கு ஊற்றியாயிற்று என்பார்கள். கேட்பவர்களும் மேலே கேட்க மாட்டார்கள்.

தாணு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்க்காததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டேன். அன்று கோர்ட்டில் என்ன வாதாடினேன் என்று எனக்கே தெரியாது. கொன்றால் கொலைதான். வலியில் துடித்தாள் என்பதும், அவளே கேட்டாள் என்பதும் பீனல் கோடில் ஆளை விடுவிக்காது, தண்டனையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போது பிணம் எடுக்கிற சத்தத்தை எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆவுடையம்மாள் உயிரோடு இருந்தாள். பலிக்கவில்லை, இன்னொரு தடவை செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு காலை வெகுநேரம் வரை அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. பிறகு தாணுவே வெளியே வந்தார். "முடிஞ்சுது வே" என்றார். அழவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. தெருவுக்கும் போதுமாக இருந்தது, ஏனென்றால் எண்ணெய்க்காரரும் இளநீர்க்காரரும் அதற்குள் பேசிவிட்டார்கள். போலீசில் சொல்வதற்கு என்னிடம் இருந்ததும் அந்த எண்ணெயும் இளநீரும்தான். அதை வைத்து எந்த மாஜிஸ்திரேட்டும் கேஸ் எடுக்க மாட்டார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

கொலைகாரர் என்று நினைக்கிற ஒருவரோடு தினமும் காலாற நடக்க முடியுமா என்று கேட்பீர்கள். நடந்தேன். அவரை விட்டால் எனக்குப் பேச்சுத் துணை இல்லை என்பது ஒரு காரணம். ஒருநாள் உண்மை வெளியே வரும், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு சாயங்காலம் பாலத்தின் மேல் நின்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"தாணு, நீர்தானே செஞ்சீரு?"

"நீரு என்ன நினைக்கீரு?"

"நான் நினைக்கதை விடும். நீர் சொல்லும்."

"நீரு நினைக்கதே இருக்கட்டும் வே. எனக்கு ஆட்சேபம் இல்ல."

அப்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எத்தனையோ குற்றவாளிகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பயம் பார்த்திருக்கிறேன், திமிர் பார்த்திருக்கிறேன். தன்னைச் சந்தேகப்பட்டதற்காகச் சந்தோஷப்பட்ட முகத்தை அன்றுதான் பார்த்தேன். அதையும் அவருக்கு எதிராகவே குறித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் செல்லம்மை அவருக்கு முகம் கொடுக்க மாட்டாள். அவர் வந்தால் காப்பியை நடைவாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆவுடையம்மாளுக்குத் தலை வாரிவிட்டவள் அல்லவா, அவளுக்கும் நான் நினைத்ததே தெரிந்திருக்கிறது என்று இருந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் தாணு நெஞ்சு வலி வந்து படுத்தார். நாகர்கோவிலிலிருந்து மகள் வந்திருந்தாள். நான் போனதும் அவளைக் கஞ்சி வைக்க அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வக்கீலே, அன்னைக்கு எண்ணெயும் இளநியும் கொண்டு போனதைப் பாத்தீருல்லா. மிச்சத்தையும் கேளும். நான் இருக்க வரைக்கும் வெளியில சொல்லாதேயும்."

அவர் சொன்னதை, இடையில் மூச்சு வாங்கியதைத் தவிர்த்து, அப்படியே தருகிறேன்.

"ஆவுடைக்க அத்தைக்குச் செஞ்சதை அவ சின்ன வயசுல பாத்திருக்கா. எனக்கும் அப்பிடிச் செய்யுங்கோ, வேற யாரும் வேண்டாம், உங்க கையால ஊத்துங்கோன்னு ஐப்பசியில இருந்து கேட்டா. விளக்கைத் தொட்டு வாக்கு கொடுத்தேன். கொடுத்தது நெசமாத்தான் வே, ஏமாத்த இல்ல. வேலைக்காரியை அனுப்புனேன். மணையில உக்கார வச்சு எண்ணெயும் வச்சேன். தாலி கட்டும்போது குனிஞ்சாளே, அதே மாதிரி தலையைக் குனிஞ்சு கொடுத்தா. கிணத்துத் தண்ணி எடுத்து வச்சிருந்தேன். அதுல கையை விட்டேன். மார்கழித் தண்ணி. எனக்கே பொறுக்கல்ல. இதையா இவ தலையிலன்னு தோணிச்சு. அப்பிடியே போயி அடுப்பைப் பத்த வச்சேன்."

"வெந்நீரா ஊத்துனீரு?"

"வெந்நீர். மேலுக்கு இதமா விளாவி. முதல் செம்பு விழுந்ததும் அவ நிமிந்து பாத்தா. 'தண்ணியைச் சூடாக்கிட்டேளே'ன்னா. அவ்வளவுதான். மாசியில போற வரைக்கும் எங்கிட்ட வேற ஒண்ணும் பேசல்ல. அந்த வலியோட கிடந்தா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

நான் விடவில்லை. தெரு முழுக்கப் பேசியபோது ஏன் மறுக்கவில்லை, பாலத்தில் நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று குறுக்கு விசாரணை செய்தேன். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவ கேட்டதை நான் செஞ்சு கொடுத்தேன்னு நாலு பேராவது நினைச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னுதான். அதுல எனக்கு ஒரு ஆறுதல் வே."

மரண வாக்குமூலத்தைச் சட்டம் நம்பச் சொல்கிறது. சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அதன் எண்ணம். நான் அப்படி எளிதாக நம்புகிறவன் இல்லை. செய்தவனும் கடைசியில் தன் பெயரைச் சுத்தப்படுத்திக்கொள்ள இப்படி ஒரு கதை கட்டலாம். வீடு வரும் வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். செல்லம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியில்தான் சொல்லக் கூடாது, வீட்டுக்குள் சொல்லலாம் என்று சமாதானம் செய்துகொண்டு, அவள் முகத்தைக் கவனித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "மத்தியானம் போனேன். தலை ஈரம் காயல்ல. வாரிவிடும்போது சொன்னா. 'சூடாக்கிட்டாரு அக்கா'ன்னு சொல்லி அழுதா."

இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இத்தனை வருஷமும் என் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது.

"அப்போ அந்த மனுசன் வந்தா ஏன் முகம் கொடுக்காம இருந்தே?"

"செய்யல்லேல்லா. அதுக்குத்தான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் கீரைக்காம்புகளை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க வாசலோட போய்ட்டு வந்தேள். நான் உள்ளே போனேன். மார்கழியில இருந்து மாசி வரைக்கும் அவ பட்டதை நான் பாத்தேன். அவருக்கு மனசு வரல்ல, செரி. அவரு மனசு இளகுனதுக்கு அவ பட்டால்லா?"

"செஞ்சிருந்தா அது கொலை, செல்லம்மை."

"உங்க புஸ்தகத்துல." அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு அப்பிடி ஒண்ணு வந்து நான் கேட்டா, நீங்க என்ன செய்வேள்?"

பதிலுக்குக் காத்திராமல் அடுக்களைக்குப் போனாள். உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கியது.

அடுத்த நாள் தாணுவிடம் போனேன். ஊற்றியிருக்க வேண்டுமா, கூடாதா, இத்தனை வருஷம் யோசித்ததில் உமக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் அறையில் யாராவது இருந்தார்கள். பிறகு பால்காரர் நாணு வந்து சொன்னார்.

நண்பர்களே, அவர் செய்யவில்லை. இனி நீங்கள் அதைப் பேச வேண்டாம். அவரை உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல வேண்டியவள் ஆவுடையம்மாள், அவள் சொல்லாமலே போய்விட்டாள். எனக்கு அவர் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அது என்னை விட்டுப் போய்விடவில்லை, என் பக்கமே திரும்பிவிட்டது. தாணுவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.

நேற்றுக் காலையில் செல்லம்மை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்றாள். எந்த இடத்தில், எவ்வளவு நாளாக, சாப்பாடு இறங்குகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன்.

"வெறும் பிடிப்புதான்" என்றாள். "எதுக்கு இப்பிடிப் பயந்துபோய்ப் பாக்கேள்?"